துணிமணி கேள்வி – பதில்: வெள்ளி போட்ட விரிப்பும் உப்புத் தண்ணியும்

சாயப்பட்டறை லேபில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவனிடம் வழக்கமாகச் சாயம் போவது, துணி சுருங்குவது பற்றித்தான் கேட்பார்கள். இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ‘நானோ வெள்ளி’ பற்றி. நம் வட ஆற்காட்டுப் பக்கம் யாரோ ஒரு விற்பனைப் பிரதிநிதி சுறுசுறுப்பாகச் சுற்றுகிறார் போலிருக்கிறது. சரி, இந்த இதழ் முழுக்க அதற்கே.

கேள்வி: ஐயா, காந்தி ரோடு பக்கம் சின்ன லாட்ஜ் நடத்துகிறேன். தங்குகிறவர்கள் பெரும்பாலும் ஆஸ்பத்திரிக்கு வரும் வெளி மாநிலத்துக்காரர்கள். ‘நானோ சில்வர் பெட்ஷீட், 99.9 சதவீதம் கிருமி சாகும், 50 சலவை தாங்கும்’ என்று ஒருவர் வந்தார். சாதா விரிப்பைப் போல இரண்டு மடங்கு விலை. வாங்கலாமா?
– லாட்ஜ் உரிமையாளர், வேலூர்

பதில்: முதலில் அந்தத் துணியில் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். மற்ற கடிதக்காரர்களுக்கும் இது வேண்டியிருக்கும்.

வெள்ளி கட்டியாகக் கிடக்கும்போது கிருமியைப் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. ஈரம் பட்டு, அதன் மேற்பரப்பிலிருந்து வெள்ளி அயனிகள், அதாவது மின்னேற்றம் பெற்ற வெள்ளி அணுக்கள், கழன்று வர வேண்டும். அவைதான் பாக்டீரியாவின் மேலுறையைக் குலைத்து உள்ளே போய், கந்தகம் உள்ள புரதங்களோடு ஒட்டிக்கொண்டு அதன் பிழைப்பைக் கெடுக்கின்றன. மேற்பரப்பு கூடக்கூட அயனியும் கூடும். ஒரு சென்டிமீட்டர் கனசதுர வெள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். எடை பத்தரை கிராம், ஒரு பவுன் எடையைவிடக் கொஞ்சம் கூட. ஆறு பக்கமும் சேர்த்து 6 சதுர சென்டிமீட்டர் பரப்பு. அதையே 10 நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) துண்டுகளாக நறுக்கினால் மொத்தப் பரப்பு 600 சதுர மீட்டர் ஆகிவிடும். இரண்டரை கிரவுண்டு மனைக்கும் மேல்! நானோ என்று இவ்வளவு பேசுவதற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

ஆனால் இதிலேயே சிக்கலும் இருக்கிறது. வெள்ளி வேலை செய்கிறது என்றால், வெள்ளி துணியை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். கொஞ்சமும் கழலாமல் பிடித்து வைத்த வெள்ளி கிருமிக்கு எட்டாது. தாராளமாகக் கழலும் வெள்ளி நாலு சலவையில் தீர்ந்துவிடும். 2008-ல் அமெரிக்காவின் அரிசோனாவில் கடையில் விற்கும் வெள்ளி சாக்ஸ்களை வாங்கி அலசிப் பார்த்தார்கள். சிலவற்றில் நாலு அலசலுக்குள் ஏறக்குறைய எல்லா வெள்ளியும் தண்ணீரில் போய்விட்டது, சிலவற்றில் ஒரு சதவீதம்கூடப் போகவில்லை. எல்லா அட்டையிலும் ஒரே ‘சில்வர்’தான் அச்சடித்திருந்தது.

அதனால் வந்தவரிடம் டெஸ்ட் ரிப்போர்ட் கேளுங்கள். அதில் ஐ.எஸ்.ஓ. 20743 அல்லது ஏ.ஏ.டி.சி.சி. 100 என்று சோதனையின் பெயர் இருக்க வேண்டும். எந்தக் கிருமியில் செய்தார்கள், எத்தனை சலவைக்குப் பிறகு செய்தார்கள் என்றும் இருக்க வேண்டும். பெரும்பாலும் புதுத் துணியில் எடுத்த ரிப்போர்ட்டைத்தான் நீட்டுவார்கள். 50 சலவை என்று வாய் சொன்னால் 50 சலவைக்குப் பிந்தைய எண் தாளில் இருந்தாக வேண்டும். இன்னொன்றையும் மனதில் வையுங்கள். அந்தச் சோதனையில் சின்னத் துண்டுத் துணியில் கிருமிக் கரைசலைவிட்டு ஈரமாகவே 37 டிகிரியில் ஏறக்குறைய ஒரு நாள் வைத்திருப்பார்கள். உங்கள் விரிப்பில் ஒருவர் எட்டு மணி நேரம் படுக்கிறார், அதுவும் மின்விசிறிக் காற்றில், காய்ந்த துணியில். ஈரம் இல்லாத இடத்தில் அயனி எங்கே வரும்? அப்புறம் அந்த 99.9: பத்து லட்சம் கிருமியில் ஆயிரம் மிச்சம் என்று அதற்குப் பொருள்.

உங்கள் சலவைக்காரர் பிளீச்சிங் பவுடர் போடுகிறாரா? போடாமல் இருக்க மாட்டார். குளோரின் பட்டால் வெள்ளி, வெள்ளி குளோரைடாக மாறும். விற்பவர் சொன்ன சலவைக் கணக்கு அன்றோடு சரி.

என் யோசனை: அந்தக் காசுக்குச் சாதா வெள்ளைப் பருத்தி விரிப்பையே கட்டிலுக்கு ஒன்று கூடுதலாக வாங்குங்கள். ஒவ்வொருவர் காலி செய்ததும் மாற்றி, வெந்நீரில் வெளுத்து, மொட்டை மாடியில் காயப் போடுங்கள். வேலூர் வெயிலுக்கு யாரும் பில் போடுவதில்லை. தீக்காய வார்டில் வெள்ளிக்கு உண்மையான இடம் இருக்கிறது. சில்வர் சல்ஃபாடயசின் என்ற வெள்ளைக் களிம்பு 1968-லிருந்து புழக்கத்தில் உள்ளது, வெள்ளி ஏற்றிய கட்டுத்துணிகளும் வந்துவிட்டன. அங்கே புண் ஈரமாக இருக்கிறது, டாக்டர் பார்க்கிறார், கட்டை அவிழ்த்து மாற்றுகிறார்கள். லாட்ஜ் கட்டில் வேறு சங்கதி.

கடிதத்தின் அடியில் மூட்டைப்பூச்சி பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். வெள்ளிக்கும் மூட்டைப்பூச்சிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அதற்குச் சூடுதான்: வெந்நீர்ச் சலவை, கட்டில் இடுக்கு, மெத்தைத் தையல். அந்தப் பிரதிநிதி இதற்கும் தலையாட்டியிருந்தால் அவரிடம் எதையுமே வாங்காதீர்கள்.

கேள்வி: சார், கல்லூரி புராஜெக்டுக்காக வேப்பிலைச் சாற்றில் சில்வர் நைட்ரேட் சேர்த்து நானோ வெள்ளி தயாரித்தோம். பழுப்பு நிறம் வந்தது. பருத்தித் துணியை அதில் நனைத்தோம். துணி மஞ்சளாகிவிட்டது, குழாய்த் தண்ணீரில் அலசியபோது தண்ணீர் கலங்கியது. எங்கே தவறு?
– பி.எஸ்சி. மாணவி, காட்பாடி

பதில்: பழுப்பும் மஞ்சளும் தவறில்லை அம்மா, அதுதான் வெள்ளி நானோவாக ஆனதற்கு அடையாளம். சின்னத் துகள்கள் 400, 420 நானோமீட்டர் அலைநீளத்தில், அதாவது ஊதாப் பக்கத்து ஒளியை, விழுங்கிவிடுகின்றன. மிச்ச ஒளி நம் கண்ணுக்கு மஞ்சளாகப் படுகிறது. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதானால் நிறம் மங்கிச் சாம்பல் பக்கம் போகும். கல்லூரியில் ஸ்பெக்ட்ரோமீட்டர் இருக்குமே, அந்த 420 பக்கம் முகடு வருகிறதா என்று பாருங்கள். வெள்ளை வேட்டிக்கு இந்த வைத்தியம் ஏன் எடுபடவில்லை என்பதும் உங்கள் துணியைப் பார்த்தாலே தெரியும்.

கலங்கியது உப்புத் தண்ணியால். நம் ஊர் போர் தண்ணியில் குளோரைடு நிறைய. வினைபடாமல் மிஞ்சிய வெள்ளி அயனி அதைப் பார்த்ததும் வெள்ளி குளோரைடாகத் திரிந்து, பால் சிந்தியதுபோல வெளுப்பாக வீழ்படியும். கடைசி அலசல்வரை காய்ச்சி வடித்த தண்ணீரையே பயன்படுத்துங்கள். கையுறையும் போடுங்கள். ஓட்டுப் போடும்போது விரலில் வைக்கிற மையில் இருப்பதும் சில்வர் நைட்ரேட்தான். 1962 தேர்தலிலிருந்து மைசூரில் தயாராகி வருகிறது. தோலில் பட்டு வெளிச்சத்தில் கருத்தால் சோப்புக்கு மசியாது, தோல் உதிர்ந்து நகம் வளர்ந்தால்தான் போகும்.

இப்போது முக்கியமான விஷயம். நனைத்து எடுத்தால் மட்டும் போதாது. பருத்திக்கு வெள்ளியைப் பிடித்து வைக்க ஆசை கிடையாது. மில்லில் என்றால் துகள் கரைசலோடு அக்ரிலிக் பைண்டர் (துகளை நூலில் ஒட்டவைக்கும் பசை) சேர்த்து, பேடிங் மேங்கிளில் இரண்டு உருளைக்கு நடுவே துணியைப் பிழிந்து எடுத்து, 80 டிகிரி அளவில் உலர்த்தி, பிறகு 150 டிகிரியில் சில நிமிடம் க்யூரிங் கொடுப்பார்கள். அந்தச் சூட்டில்தான் பைண்டர் இறுகி நூலோடு சேரும். பைண்டர் கூடினால் துணி விறைக்கும், துகளை மூடியும் விடும். குறைந்தால் சலவையில் எல்லாம் போகும். மாஸ்டரின் கைப்பக்குவம் இந்த இடத்தில்தான். உங்கள் லேபில் மேங்கிள் இல்லாவிட்டால் கண்ணாடிக் குழாயால் அழுத்தி உருட்டிப் பிழியுங்கள், ஓவனில் சூடு காட்டுங்கள்.

ரிப்போர்ட் எழுதுவதற்கு முன் மூன்று துண்டுத் துணி தயார் செய்யுங்கள். ஒன்று ஒன்றுமே செய்யாத துணி, ஒன்று வேப்பிலைச் சாறு மட்டும் பட்டது, ஒன்று வெள்ளி ஏற்றியது. வேப்பிலையே கிருமிக்கு ஆகாதது என்று நம் பாட்டிக்கே தெரியும். அந்த நடுத் துண்டு இல்லாமல் ‘வெள்ளி கொன்றது’ என்று எழுதினால், தேர்வாளர் நானாக இருந்தால் மதிப்பெண் போட மாட்டேன்.

கேள்வி: ஐயா, கம்பெனி வாசலில் செக்யூரிட்டி வேலை. பன்னிரண்டு மணி நேரம் ஷூ போட்டே நிற்கிறேன். விரல் இடுக்கில் சேற்றுப்புண், இடுப்பில் படர்தாமரை. மெடிக்கல் ஷாப்பில் க்ரீம் வாங்கிப் போட்டால் குறைகிறது, மறுபடி வருகிறது. வெள்ளி சாக்ஸ் போட்டால் சரியாகுமா? நாற்றமும் போகுமா?
– வாசகர், ஆம்பூர்

பதில்: நாற்றம் குறையலாம். படர்தாமரை சரியாகாது.

வேர்வைக்குச் சொந்தமாக நாற்றம் கிடையாது. தோலில் குடியிருக்கும் பாக்டீரியா அதைத் தின்று வெளியே விடும் பொருள்தான் நாறுகிறது. சாக்ஸ் ஈரமாகவே இருப்பதால் வெள்ளிக்கு அங்கே வேலை செய்ய வசதி. வெளிநாட்டு சாக்ஸ் அட்டைகளை உற்றுப் பாருங்கள், ‘நாற்றத்தைக் கட்டுப்படுத்தும்’ என்று இருக்கும், ‘நோயைத் தடுக்கும்’ என்று இருக்காது. அமெரிக்காவில் துணியைக் காப்பதற்காக மருந்து ஏற்றினேன் என்று சொல்லலாம். போட்டிருப்பவரைக் கிருமியிடமிருந்து காக்கும் என்று சொன்னால், பூச்சிக்கொல்லியைப் போல அதைச் சுற்றுச்சூழல் முகமையிடம் பதிவு செய்ய வேண்டும். அதனால் அச்சடிக்கும்போது ஜாக்கிரதையாக இருக்கிறார்கள். நம் ஊர்க் கடையில் அட்டை பேசாததை ஆள் பேசிவிடுகிறார்.

சேற்றுப்புண்ணும் படர்தாமரையும் பூஞ்சைத் தொற்று. அந்த 99.9 பெரும்பாலும் பாக்டீரியாவை வைத்து எடுத்த கணக்கு. தோலுக்குள் வேர்விட்டு உட்கார்ந்திருக்கும் பூஞ்சையிடம் சாக்ஸில் உள்ள வெள்ளி போய்ச் சேரவும் சேராது. அதைவிட உங்கள் கடிதத்தில் எனக்குப் பயம் தந்தது அந்த க்ரீம். மெடிக்கல் ஷாப்பில் கேட்காமலே எடுத்துக் கொடுக்கும் கலவை க்ரீம்கள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். அரிப்பு உடனே அடங்கும், சிவப்பு மறையும், பூஞ்சை உள்ளே சுகமாகப் பரவும். நிறுத்தினால் வட்டம் பெரிதாகித் திரும்பி வரும். க்ரீம் டியூபையும் கையில் எடுத்துக்கொண்டு தோல் டாக்டரைப் பாருங்கள். அவர் சொன்ன நாள் முழுக்க மருந்து எடுங்கள், அரிப்பு நின்றதும் விட்டுவிடாதீர்கள்.

துணிக்காரனாக நான் சொல்லக்கூடியது சாக்ஸைத் துவைக்கும் விதம். பூஞ்சை பிடித்த சாக்ஸை 30 டிகிரி தண்ணீரில் துவைத்துப் பார்த்த ஆராய்ச்சியில் பூஞ்சை தப்பித்துக்கொண்டது, 60 டிகிரியில் ஒழிந்தது. கை வைக்க முடியாத சூடு என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டார் துணியோடு ஒரே பக்கெட்டில் ஊறப் போட வேண்டாம், அவர்களுக்கும் தொற்றும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் விரல் இடுக்கைத் துடைத்து உலர்த்தி வேறு ஜோடி மாற்றுங்கள். முடிந்தால் இரண்டு ஜோடி ஷூ வைத்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுங்கள். பாலியெஸ்டரைவிடப் பருத்தி கலந்த சாக்ஸ் நாற்றத்துக்கும் நல்லது.

கேள்வி: எங்கள் பட்டுச் சேலை ஜரிகையிலும் வெள்ளி இருக்கிறதே, அதற்கும் கிருமி கொல்லும் சக்தி உண்டா? அப்படியானால் சொல்லி விற்கலாமா?
– பட்டு நெசவாளர் வீட்டுப் பெண்மணி, ஆரணி

பதில்: (ஆரணி இப்போது திருவண்ணாமலை மாவட்டமாக இருக்கலாம். எனக்கு அது என்றும் வட ஆற்காடுதான்.) சொல்லி விற்காதீர்கள் அம்மா. அசல் ஜரிகையில் நூலைச் சுற்றி வெள்ளித் தகட்டுக் கம்பி, அதற்கு மேல் தங்க முலாம். வெள்ளி தங்கத்துக்கு அடியில் ஒளிந்திருக்கிறது, கம்பியும் நானோ கிடையாது, இருப்பதும் கரையிலும் முந்தானையிலும்தான். மலிவு ஜரிகை என்றால் செம்புக் கம்பிமேல் மெல்லிய வெள்ளிப் பூச்சு.

ஆனால் ஜரிகை கருப்பது ஏன் என்று முன்பு கேட்டிருந்தீர்களே, அதற்கு இங்கே பதில் இருக்கிறது. வேர்வையிலும் காற்றிலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் பட்டு வெள்ளி சல்ஃபைடு உண்டாகிறது. கொலுசு கருப்பதும் அதுவே. நானோ வெள்ளித் துணிக்கும் இதே கதி உண்டு. சல்ஃபைடாகிவிட்டால் அது தண்ணீரில் அநேகமாகக் கரையாது, அயனி வருவது வெகுவாகக் குறைந்துவிடும். துணியில் வெள்ளி இருக்கும், வேலை செய்யாது. ஜரிகைச் சேலையை வேர்வையோடு மடித்து வைக்காமல் நிழலில் காற்றாட விட்டுப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள்.

கேள்வி: சலவையில் போகும் வெள்ளி எங்கே சேருகிறது? ஏற்கெனவே பாலாற்றைக் கெடுத்து வைத்திருக்கிறோம். இது வேறா?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், ராணிப்பேட்டை

பதில்: அளவை முதலில் பார்ப்போம். தோல் பதனிடுவதில் போன குரோமியம் டன் கணக்கு. சிப்காட் பக்கம் மூடிப்போன குரோமேட் ஆலையின் கழிவு மேடு மட்டுமே லட்சம் டன்னைத் தாண்டும், உங்களுக்குத் தெரியாததா? ஒரு சட்டையிலிருந்து போகும் வெள்ளி மில்லிகிராம் கணக்கு. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பேச மாட்டேன்.

ஆனால் சின்னது என்று விட்டுவிடவும் மனமில்லை. 2009-ல் சுவிட்சர்லாந்தில் பல வெள்ளித் துணிகளை வாஷிங் மெஷினில் போட்டு அளந்தார்கள். ஒரே சலவையில் போனது சிலவற்றில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு, சிலவற்றில் 45 சதவீதம். சாக்கடைச் சுத்திகரிப்பு நிலையம் உள்ள ஊரில் அங்குள்ள கந்தகத்தோடு சேர்ந்து பெரும்பகுதி வெள்ளி சல்ஃபைடாகிச் சேற்றில் தங்கிவிடும், தீங்கு குறையும். நம் ஊர்களில் பல தெருக்களின் குளியலறைத் தண்ணீர் நேராகக் கால்வாய்க்கும் ஏரிக்கும் போகிறது. வெள்ளி அயனி பாசிக்கும் மீனுக்கும் நஞ்சு. கிருமிகள் வெள்ளிக்குப் பழகிக்கொள்ளும் கவலையும் இருக்கிறது. தீக்காயத்துக்கு வெள்ளி நைட்ரேட் பயன்படுத்திய பாஸ்டன் மருத்துவமனை ஒன்றில் வெள்ளிக்கு மசியாத சால்மோனெல்லா கிளம்பியது 1975-லேயே பதிவாகியிருக்கிறது. உயிர் காக்க வைத்திருக்கும் பொருளைச் சாக்ஸ் நாற்றத்துக்குச் செலவழிக்க வேண்டுமா என்பது என் கேள்வி.

‘தீங்கு முழுதாக நிரூபணமாகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, முன்கூட்டியே தடுக்க வேண்டும்’ என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் அறிவித்தது நம் வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட தோல் தொழிற்சாலை வழக்கில்தான், 1996 ஆகஸ்டில். கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்பதும் அதே தீர்ப்பு. ஆலைக்கு ஆலை 10,000 ரூபாய் அபராதமும் போட்டார்கள். துணித் தொழிலில் வெள்ளிக் கரைசலை வடிகாலில் ஊற்றுகிறவர்கள் அந்தத் தீர்ப்பை ஒரு தடவை படிக்கலாம். மேங்கிள் தொட்டியில் மிஞ்சும் கரைசலில் உள்ள வெள்ளி, எத்தனையோ வீட்டுச் சலவையில் போவதைவிட அதிகம். அதைப் பிடித்து வைத்து வெள்ளியைத் திரும்ப எடுப்பது அப்படியொன்றும் கஷ்டமான வேதியியல் இல்லை.

கேள்வி: எங்கள் நெசவாளர் சங்கத்தில் ‘நானோ சில்வர் லுங்கி’ போட்டால் விற்குமா என்று பேச்சு அடிபடுகிறது. வெள்ளி விலையைக் கேட்டால் பயமாக இருக்கிறது. கட்டுப்படியாகுமா?
– சங்க உறுப்பினர், குடியாத்தம்

பதில்: வெள்ளி விலைக்குப் பயப்படாதீர்கள். கிலோ துணிக்கு 50 மில்லிகிராம் வெள்ளி என்று வைப்போம். 300 கிராம் லுங்கியில் 15 மில்லிகிராம். கிராம் 200 ரூபாய் என்றாலும் 3 ரூபாய்க்குத்தான் வெள்ளி. செலவு மற்ற எல்லாவற்றிலும் இருக்கிறது.

நம் கைலி நூலில் சாயம் போட்டு, கஞ்சி ஏற்றி, பாவு ஓட்டி, ஊடை கொடுத்து நெய்து, மடித்துக் கட்டினால் கடைக்குப் போய்விடும். நெய்த பிறகு மேங்கிளும் க்யூரிங் அறையும் பார்க்காத துணி அது. வெள்ளி ஏற்ற ஈரோடு பக்கம் ப்ராசசிங் யூனிட்டுக்கு லாரியில் அனுப்ப வேண்டும். போக்குவரத்து, பைண்டர், கூலி, அப்புறம் ஒவ்வொரு லாட்டுக்கும் சோதனைக் கட்டணம். நெய்வதற்கு முன் சிட்டா நூலிலேயே (கண்ணியாகச் சுற்றிய நூலிலேயே) ஏற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால், கஞ்சியும் அதை எடுக்கும் அலசலும் போக எவ்வளவு மிஞ்சுகிறது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். பைண்டர் ஏறினால் துணி கொஞ்சம் விறைப்பாகும். நம் லுங்கியை ஆட்கள் தேடி வாங்குவதே கட்டக் கட்டக் குழைவதற்காக.

ஏற்றுமதி எண்ணம் இருந்தால் இன்னொன்று: ஐரோப்பாவில் 2013 செப்டம்பரிலிருந்து, கிருமி எதிர்ப்புப் பண்பைச் சொல்லி விற்கும் துணியின் லேபிளில் எந்தப் பொருள் ஏற்றியது என்று எழுத வேண்டும், அது நானோ என்றால் ‘நானோ’ என்றும் போட வேண்டும். அந்த வார்த்தையைப் பார்த்து வாங்குகிறவரும் உண்டு, கீழே வைத்துவிடுகிறவரும் உண்டு.

நான் சங்கத்தில் இருந்தால் கை தூக்க மாட்டேன். தினம் துவைத்து வெயிலில் உலர்த்தும் துணிக்கு இது வேண்டாத செலவு. அடம்பிடித்துச் செய்வதானால் அடர் நிறக் கட்டத்தில் மட்டும் ஒரு சிறிய லாட் போடுங்கள், வெள்ளை, வெளிர் நிறம் மஞ்சளடிக்கும். 20 சலவைக்குப் பிறகு ஒரு துண்டைச் சோதனைக்கு அனுப்புங்கள். அந்தத் தாள் வரும்வரை லேபிள் அச்சடிக்க வேண்டாம்.

கேள்வி: ஒரு வயதுக் குழந்தைக்கு வெள்ளி நானோ சட்டை பரிசாக வந்திருக்கிறது. சட்டையைச் சப்புகிறாள். பயமா?
– இளம் தாய், சோளிங்கர்

பதில்: சட்டையில் இருக்கும் அளவுக்கு விஷமாகிவிடாது, பதற வேண்டாம். வெள்ளிக் கரைசலை மாதக்கணக்கில் குடித்துத் தோல் நீலச் சாம்பலாகிப் போனவர்கள் உண்டு, ஆனால் அந்த அளவே வேறு. இருந்தாலும் சப்புகிற வயதில் அவளுக்கு அது எதற்கு? பழைய வேட்டியைக் கிழித்துத் தைத்த சட்டை போதும். பரிசுச் சட்டையைப் புகைப்படம் எடுத்து அனுப்பிவிட்டு அலமாரியில் வையுங்கள்.